புதைமேட்டுப் புல்

லைட்ஹவுஸ் குப்பத்தில் ஒரு பொம்பளை புல்லைப் பிடுங்கி, கடலில் கீரை மாதிரி அலசி, திரும்ப மணலிலேயே நடுகிறாள் என்று நான் எங்கள் ஊர் டீக்கடையில் சொன்னபோது எல்லாரும் சிரித்தார்கள். எங்கள் ஊர் காட்டூர். நெல் போடுகிற ஊர். புல் என்றால் எங்களுக்குப் பிடுங்கி எறிகிற சாமான். அதை ஒருத்தி மெனக்கெட்டு நடுகிறாள் என்றால் சிரிக்காமல் என்ன செய்வார்கள். எனக்கும் முதல் நாள் சிரிப்புத்தான் வந்தது. எதற்காக நடுகிறாள் என்று தெரிந்த பிறகு நான் டீக்கடையில் அந்தப் பேச்சையே எடுப்பதில்லை.

என் பேர் சம்பந்தம். குட்டியானை வண்டி ஓட்டுகிறேன். காலையில் பொன்னேரியில் ஐஸ் ஏற்றிக்கொண்டு பழவேற்காடு பாலம் தாண்டிக் குப்பத்தில் இறக்குவேன். திரும்பும்போது மீன் பெட்டிகளை ஏற்றுவேன். வண்டியைக் கங்காதரன் வீட்டு வாசலில்தான் நிறுத்துவது. அவன் மேல் தனிப் பாசம் ஒன்றும் இல்லை, அதற்கு அப்புறம் ரோடு கிடையாது. போன வருஷம் வரைக்கும் இருந்தது. கடல் தின்றுவிட்டது.

பாசம் பிறகுதான் வந்தது, அதுவும் அவன் பெண்டாட்டி குப்பம்மா போட்ட சோற்றினால். மீன் பெட்டி கட்டி முடிகிற வரைக்கும் நான் சும்மா உட்கார்ந்திருப்பதைப் பார்த்து ஒருநாள் பழைய சோறும் சுட்ட நெத்திலிக் கருவாடும் கொண்டுவந்து வைத்தாள். ‘வெட்டியாத்தான குந்திகினு கீற, துன்னுட்டு குந்து’ என்றாள். அவள் பேச்சு அப்படித்தான். நெத்திலி காயப் போட்டு விற்கிறவள், கருவாட்டுக்கு வருகிற காக்கையையும் வியாபாரியையும் ஒரே வாயால்தான் விரட்டுவாள்.

அந்த வீடு குப்பத்தின் வடக்குக் கோடியில் கடைசி வீடு. முன்னால் கடல். வீட்டுக்கும் கடலுக்கும் நடுவே ஒன்றரை ஆள் உயரத்துக்கு ஒரு மணல் மேடு இருந்ததாம். நான் பார்த்ததில்லை. வீட்டுக்கு வடக்கே ஒட்டினாற்போல் இன்னொரு மேடு இருக்கிறது. அது புதைமேடு. குப்பத்துச் செத்தவர்கள் எல்லாரும் அங்கேதான் இருக்கிறார்கள். மூன்று வருஷத்துக்கு முன்னால் ஐப்பசி மழையில் காய்ச்சல் கண்டு செத்துப்போன வைஷ்ணவியும் அங்கேதான் இருக்கிறாள். கங்காதரனுக்கும் குப்பம்மாவுக்கும் இளைய பெண். ஒன்பது வயசு. மூத்தவள் கீதாவைச் சுண்ணாம்புக்குளத்தில் கட்டிக் கொடுத்துவிட்டார்கள்.

கடல் ஏன் உள்ளே வருகிறது என்பதற்குக் குப்பத்தில் ஆளுக்கொரு காரணம் வைத்திருப்பார்கள். ஆனால் கங்காதரன் வீட்டு மேடு ஏன் போனது என்று கேட்டால் எல்லாரும் ஒரே காரணத்தைத்தான் சொல்வார்கள். கங்காதரன்.

அந்த மேடு முழுக்க ராவணன் மீசை இருந்தது. கடலோர மணலில் முளைக்கிற முள் புல். அதன் விதைக்கொத்து பந்து மாதிரி உருண்டையாக, சுற்றிலும் ஊசி ஊசியாக இருக்கும். காய்ந்ததும் கழன்று காற்றில் மணல் மேல் உருண்டு ஓடும். ஓடுகிற வழியில் வலை காய்ந்துகொண்டிருந்தால் நேராக அதற்குள் போய்ச் சிக்கிக்கொள்ளும். அப்புறம் ஒவ்வொரு கண்ணாகப் பார்த்துப் பிரிக்க வேண்டும், இல்லாவிட்டால் அறுக்க வேண்டும். வலைக்காரர்களுக்கு அந்தப் புல்லைக் கண்டால் ஆகாது. கங்காதரன் புது வலை வாங்கி முதல் வாரத்திலேயே அதில் மீசை ஏறி அங்கங்கே கிழிந்துபோனது. அவன் கோபக்காரன். மேட்டில் இருந்த புல்லை ஒட்டுமொத்தமாகக் கொளுத்திவிட்டு, வேரையும் மண்வெட்டியால் கிளறி வாரி எறிந்தான். மேடு மொட்டையாக, வலை விரிக்கத் தோதாக ஆனது. அன்றைக்கு யாரும் அவனைத் திட்டவில்லை. நல்ல யோசனை என்று சொல்லி அந்த வரிசையில் இருந்த எல்லா வீட்டுக்காரர்களும் தங்கள் வாசல் மேட்டையும் அதேபோல் மழித்தார்கள்.

அந்தக் கார்த்திகையில் புயல் வந்தது. மொட்டை மேடுகள் எல்லாம் கரைந்து போயின. புதைமேடு மட்டும் நின்றது. அங்கே யாரும் வலை விரிப்பதில்லை, அதனால் புல்லையும் யாரும் தொட்டதில்லை. வரிசை முழுக்க மழித்ததை எல்லாரும் மறந்துவிட்டார்கள், முதலில் கொளுத்தினவன் பேர் மட்டும் ஞாபகம் இருந்தது. அதிலிருந்து கங்காதரன் பேச்சைக் குறைத்துக்கொண்டான். போட்டில் போவான், வருவான், வலையைப் பிரித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான்.

கோடையில் பழவேற்காடு ஏரியின் முகத்துவாரத்தைத் தூர் வாரினார்கள். குப்பத்துக்காரர்கள் போய்க் கெஞ்சிக் கூத்தாடி அந்த மணலைத் தங்கள் வாசல்களில் கொட்டவைத்தார்கள். வெள்ளை வெளேரென்று சுத்தமான மணல், பழையபடி மேடு எழும்பிவிட்டது. குப்பம்மா அன்றைக்கு எனக்குக் கானாங்கெளுத்திக் குழம்பு ஊற்றினாள். ஆனி மாதம் காற்று எடுத்ததும் அந்த மணல் பறக்க ஆரம்பித்தது. சோற்றில் மணல், தண்ணீர்க் குடத்தில் மணல், காயப் போட்ட நெத்திலியில் மணல். மேடு நாளுக்கு நாள் தேய்ந்தது. பக்கத்திலேயே புதைமேட்டில் ஒரு பிடி மணல்கூட அசையவில்லை. குப்பம்மா இரண்டையும் மாறி மாறிப் பார்த்தாள். நேராக ஊர்த் தலைவர் உலகநாதன் வீட்டுக்குப் போய்ப் புதைமேட்டுப் புல்லில் கொஞ்சம் பிடுங்கி வாசலில் நட்டுக்கொள்ளட்டுமா என்று கேட்டாள்.

உலகநாதன் கெட்டவர் இல்லை. எதையும் யோசித்துச் சொல்கிறவர், அவர் வீடும் அதே வரிசையில் குப்பம்மா வீட்டுக்கு அடுத்ததுதான். புல்லை எடுத்துக்கொள், ஆனால் அங்கிருந்து ஒரு பொட்டு மண் இந்தப் பக்கம் வரக்கூடாது என்றார். புதைமேட்டுக்குப் போன ஆண்கள் கடலில் தலை முழுகாமல் வீட்டுக்குள் கால் வைப்பதில்லை. பெண்கள் அடக்கத்துக்குப் போவதே இல்லை. செத்தவர்கள் மண் செத்தவர்களோடு இருக்க வேண்டும், புல்லுக்கும் அதே சட்டம்தான், வேரை மூன்று முறை கடலில் அலசி மண் போக எடுத்துவந்து நடு என்றார். எல்லாருக்கும் அது நியாயமாகப் பட்டது. எங்கள் ஊரில் நாற்றைக்கூட அலசித்தான் கட்டுக் கட்டாக முடி கட்டுவோம், எனக்கும் அதில் ஒன்றும் தப்பாகத் தெரியவில்லை.

ஆடியில் நட்டாள். குழாயடியிலிருந்து குடம் குடமாக நல்ல தண்ணீர் சுமந்து ஊற்றினாள். புல் மஞ்சளாகி, நுனி சுருண்டு, காய்ந்து விழுந்தது. ஆவணியில் மறுபடி பிடுங்கி, இன்னும் நன்றாக அலசி நட்டாள். இந்த முறை நான் ஊரிலிருந்து கொஞ்சம் யூரியா கொண்டுபோய்க் கொடுத்தேன். முன்னதைவிடச் சீக்கிரமாகச் செத்தது. அவளைப் பார்த்து மற்ற வாசல்களில் நட்டவர்களுக்கும் அதே கதி. உப்புக் காற்று என்றார்கள், ஆடு கடித்தது என்றார்கள், கண் பட்டது என்றார்கள். கொளுத்தினவன் வீட்டில் புல் எப்படி முளைக்கும், வயிறெரிந்து போன புல் இல்லையா என்று ஒருத்தி குப்பம்மாவின் காதுபடவே சொன்னாள். அன்றைக்குக் குப்பம்மா யாரையும் ஏசவில்லை. காய்ந்த புல்லைப் பிடுங்கிப் பிடுங்கி ஓரமாக அடுக்கினாள். அவளை அப்படிப் பார்க்க எனக்குப் பிடிக்கவில்லை.

ஆவணிக் கடைசியில் ஹேமாவதி டீச்சர் வந்தார். கல்லூரியில் தாவரப் பாடம் நடத்துகிறவர். கடலோரச் செடிகளைப் பார்க்க வந்தவருக்குப் பாலத்திலிருந்து வண்டி கிடைக்காமல் என் வண்டியில்தான் ஏறினார். ஐஸ் தண்ணீர் சொட்டி அவர் புடவை நனைந்தது, அதற்கு ஒன்றும் சொல்லவில்லை. குப்பம்மா வாசலில் இறங்கியவர் செத்த புல் ஒன்றை எடுத்து வேரைப் பார்த்தார். பிறகு புதைமேட்டு ஓரத்துக்குப் போய் உயிரோடு இருந்த புல் ஒன்றைப் பக்குவமாகத் தோண்டி எடுத்துவந்து பக்கத்தில் வைத்தார். செத்த வேர் வழவழவென்று வெறுமையாக இருந்தது. மற்ற வேரைச் சுற்றி மணல் உறை மாதிரி ஒட்டிக்கொண்டிருந்தது. உதறினாலும் விழவில்லை.

“இந்த வேரை யாரு இப்படிக் கழுவுனது?” என்றார் டீச்சர்.

“நான்தான். மூணு வாட்டி. இன்னா, பத்தலையா?” என்றாள் குப்பம்மா.

டீச்சர் சிரிக்கவில்லை. பையிலிருந்து ஒரு உருப்பெருக்கிக் கண்ணாடியை எடுத்து அவள் கையில் கொடுத்து, ஒட்டியிருக்கிற மணலைப் பார்க்கச் சொன்னார். குப்பம்மா ரொம்ப நேரம் பார்த்தாள். நூலாம்படை மாதிரி ஏதோ இருக்கிறது என்றாள். நானும் வாங்கிப் பார்த்தேன். மணலுக்கும் மணலுக்கும் நடுவே வெள்ளை வெள்ளையாக இழை ஓடியிருந்தது, தலைமுடியைவிட மெல்லிசு.

அது ஒரு வகைக் காளான் என்றார் டீச்சர். குடை விரிக்காத, மண்ணுக்குள்ளேயே வாழ்கிற காளான். அதுபோலக் கண்ணுக்கே தெரியாத உயிர்கள் இன்னும் கோடிக்கணக்கில் அந்த மண்ணில் இருக்கின்றனவாம். வேர் எட்டாத இடத்திலிருந்து ஈரத்தையும் சத்தையும் அந்த இழைகள் கொண்டுவந்து புல்லுக்குக் கொடுக்குமாம். புல் வெயிலில் சமைத்த சர்க்கரையில் ஒரு பங்கை அவற்றுக்குக் கொடுக்குமாம். மணலை மணலோடு பிடித்துக் கட்டுவதும் அந்த இழைதானாம். புதைமேட்டில் இருப்பது மீசைப் புல் மட்டும் அல்ல, அடம்பங்கொடி இருக்கிறது, கோரை இருக்கிறது, மஞ்சள் பூப் பூக்கிற ஒரு கொடி இருக்கிறது. ஒவ்வொரு செடியும் தனக்கு வேண்டிய உயிர்களை மண்ணில் வளர்த்துவிடும், ஒன்று வளர்த்தது இன்னொன்றுக்கும் உதவும், அப்படி எத்தனையோ வருஷமாக எல்லாமாகச் சேர்ந்து அந்த மணலை மண்ணாக்கி வைத்திருக்கின்றன என்றார். முகத்துவாரத்து மணல் தண்ணீருக்கு அடியிலிருந்து வந்தது. இந்தப் புல்லுக்குத் தெரிந்தவர் யாரும் அதில் இல்லை.

“அப்போ மேட்டைப் புடிச்சிக்கினு இருந்தது புல்லு இல்ல. இதுதான்” என்றாள் குப்பம்மா.

“ரெண்டும்தாம்மா. ஒண்ணை விட்டு ஒண்ணு இல்லை. நீங்க பாதியைக் கழுவிட்டு பாதியை நட்டிருக்கீங்க.”

என்ன செய்ய வேண்டும் என்று குப்பம்மா கேட்டாள். ரொம்பச் சுலபம், வேரில் ஒட்டின மண்ணோடு கொண்டுவாருங்கள், நடுகிற குழிக்கு ஒரு கை அந்த மேட்டு மண்ணைப் போடுங்கள், பிடித்துக்கொள்ளும் என்றார். குழம்புக்கு உப்புப் போடச் சொல்வதுபோல் சொன்னார். வேறு இடத்து மண் ஆகாதா என்று குப்பம்மா கேட்டாள். இதே செடிகள் பழகின மண் எதுவானாலும் ஆகும் என்றார். ஆனால் பக்கத்து மேடுகள் எல்லாம் மழித்தாகிவிட்டது, வடக்கே போனால் பறவைச் சரணாலயம், அங்கே ஒரு கூடை மண் எடுத்தாலும் வண்டியோடு பிடித்துவிடுவார்கள். இருப்பது இந்த ஒரு மேடுதான். அது என்ன மேடு என்று நான்தான் டீச்சரிடம் தனியாகச் சொன்னேன். வைஷ்ணவியைப் பற்றியும் சொன்னேன். டீச்சர் முகம் சிறுத்துப்போனது. குப்பம்மாவிடம் திரும்பி வந்து, தெரியாமல் சொல்லிவிட்டேன் என்றார்.

“சொன்னதுல இன்னா தப்பு டீச்சர். மண்ணு அங்கதான கீது” என்றாள் அவள்.

அந்த வாரமே கங்கையம்மன் கோயில் எதிரில் ஊர் கூடியது. நான் வெளியூர்க்காரன், தள்ளி வண்டியிலேயே உட்கார்ந்திருந்தேன். குப்பம்மா கண்ணாடியில் பார்த்ததையெல்லாம் சொன்னாள். புழுபூச்சிக்காக எங்கள் அப்பன் பாட்டன் மேல் கை வைப்பதா என்று ஒருவர் கேட்டார். உன் புருஷன் கொளுத்தினதுக்கு எங்கள் செத்தவர்கள் ஈடு கட்டுவதா என்று இன்னொருவர். கங்காதரன் கூட்டத்தின் ஓரத்தில் தலையைக் குனிந்துகொண்டு நின்றான். உலகநாதனின் தகப்பனாரும் அந்தப் புதைமேட்டில்தான், மேல் பக்கமாக இருக்கிறார். உலகநாதன் அமைதியாகத்தான் பேசினார். எங்கள் நைனாவின் மண்ணை இன்னொருத்தர் வாசலில் கொட்டி மிதிக்க நான் எப்படி ஒத்துக்கொள்வேன், என் ஸ்தானத்தில் இருந்தால் நீ ஒத்துக்கொள்வாயா என்று கேட்டார்.

“யார் மண்ணும் எனக்கு வேணாம் மாமா. எம் பொண்ணு மண்ணு போதும்” என்றாள் குப்பம்மா.

உலகநாதன், உன் பிள்ளை விஷயத்தில் ஊர் தலையிடாது, ஆனால் உன் புருஷன் சம்மதிக்க வேண்டும் என்றார். கங்காதரன் சம்மதமும் சொல்லவில்லை, மறுக்கவும் இல்லை. அங்கிருந்து போய்விட்டான்.

மறுநாள் நான் ஐஸ் இறக்கிவிட்டுச் சோற்றுக்கு உட்கார்ந்தபோது அவர்களுக்குள் பேச்சு நடந்தது. நான் இருப்பதை இரண்டு பேரும் பொருட்படுத்தவில்லை. கங்காதரன் நிழலில் வலையைப் பிரித்துக்கொண்டிருந்தான். அவள் அவன் முன்னால் குத்தவைத்து உட்கார்ந்தாள்.

“வேணாம்மே” என்றான், அவள் வாயைத் திறப்பதற்கு முன்னாலேயே.

“இன்னாத்துக்கு வேணாம்?”

“வேணாம்னா வேணாம். ஊடு போனா போவட்டும். கீதா ஊட்டாண்ட போயிடலாம். வா வான்னு கூப்புட்டுக்கினுதான கீறா.”

“நாம போயிடலாம். சின்னத எங்க தூக்கினு போவ? நம்ப வாசல் வழியா தண்ணி பூந்துச்சின்னா பின்னாலேர்ந்து புதைமேட்ட அரிச்சிக்கினு போவும். மொதல்ல போறது அவதான். ஓரத்துல கீறா.”

அவன் வலையைக் கீழே வைத்தான்.

“அவளக் கிளறாத, குப்பு.”

“கிளறல. மேல கீற மண்ணு. பொட்டப் புள்ளைய கடலு இழுத்துக்கினு போறதப் பாக்கச் சொல்றியா? அது உனுக்கு ஆவுமா?”

“கொளுத்தினவன் நான். கடலுக்குக் கோவம்னா என்ன எடுத்துக்கினு போவட்டும்.”

“உன்ன எடுத்துக்கினா எனுக்கு இன்னா மிஞ்சும்? போன ஒண்ணு பத்தாதா?”

நான் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தேன். அவன் வலையை மறுபடி மடியில் எடுத்துக்கொண்டான். அப்புறம், மேலாக்க எடு, கையால்தான் எடுக்க வேண்டும், மண்வெட்டி படக்கூடாது என்றான். மேலாக்க, மேலாக்க என்று திரும்பத் திரும்பச் சொன்னான். பெற்றவன் மனசு அப்படித்தான் சொல்லும் என்று நினைத்துக்கொண்டேன்.

புரட்டாசி பிறந்ததும் எடுத்தாள். போகும்போது சூடமும் ஒரு பாக்கெட் பிஸ்கட்டும் கொண்டுபோனாள். அந்தப் பெண்ணுக்குப் பிடித்த பிஸ்கட்டாம். சூடம் காற்றில் நிற்கவில்லை. ‘கொஞ்சம் குடும்மா’ என்று சொல்லிவிட்டுக் கையால் புல்லைச் சுற்றி விரலை விட்டு மண்ணோடு தூக்கினாள். மீசை முள் அவள் முழங்கை வரை கீறியது. அடம்பங்கொடியையும் துண்டு துண்டாக எடுத்துக்கொண்டாள். கூடையைச் சுமந்துகொண்டு வந்தபோது வரிசையில் கதவுகளைச் சாத்திக்கொண்டார்கள். கடலோரமாக வந்தவள் தண்ணீர்ப் பக்கம் திரும்பவே இல்லை. வாசல் மேட்டில் குழி தோண்டி, குழிக்கு ஒரு கை மண் போட்டு, புல்லை வைத்து அமுக்கினாள். கங்காதரன் பின்னாலேயே தண்ணீர் ஊற்றிக்கொண்டு வந்தான்.

பிடித்துக்கொண்டது. முதலில் எனக்கு நம்பிக்கை இல்லை. ஒரு வாரம் பச்சையாகவே நின்றது, அடுத்த வாரம் கணுவில் புதுத் துளிர், அப்புறம் மணல் மேல் ஒரு கொடி ஓட ஆரம்பித்தது. ஓடின இடத்திலெல்லாம் வேர் விட்டது. அடம்பில் ஊதாப் பூ ஒன்றும் வந்தது. புரட்டாசி முடிவதற்குள் சோற்றில் மணல் நின்றுவிட்டது. குப்பம்மா சோற்றை வாயில் போட்டு மென்று பார்த்துவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தாள். அவள் சிரித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான். ஒரு பொட்டு கரகரப்பு இல்லை, பார் என்று என் தட்டிலும் அள்ளி வைத்தாள்.

ஆனால் எடுத்த இடம் மொட்டையாகிவிட்டது. புல் போன இடத்தில் காற்று கை வைத்தது. வைஷ்ணவியின் மேடு நாளுக்கு நாள் தணிந்து, சமமாகி, பிறகு பள்ளமாகவும் ஆனது. கங்காதரன் ஒரு பழைய வலையை அதன் மேல் போர்த்தி நான்கு பக்கமும் கல் வைத்தான். போட்டிலிருந்து இறங்கினதும் வீட்டுக்குப் போகாமல் முதலில் அங்கே போய்க் கல் நகர்ந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் வருவான்.

அப்போதுதான் ஒவ்வொருவராக வர ஆரம்பித்தார்கள். முதலில் வந்தவள் கலைவாணி. கொளுத்தினவன் வீட்டில் புல் முளைக்காது என்று சொன்ன அதே பெண். முந்தானைக்குள் ஒரு சின்னச் சட்டியை மறைத்துக்கொண்டு வந்து, எங்கள் வாசலுக்கும் கொஞ்சம் கொடு என்றாள். குப்பம்மா முகத்தில் அடித்தாற்போல் ஏதாவது சொல்வாள் என்று எதிர்பார்த்தேன். அவள் எழுந்து போய் வைஷ்ணவியின் மேட்டிலிருந்து எடுத்துவந்து கொடுத்தாள். அடுத்த நாள் முத்துராஜ் வந்தான், அதற்கு அப்புறம் மாரி பெண்டாட்டி. வாசலில் பிடித்து ஓடுகிற புல்லிலிருந்து எடுத்துக்கொடேன் என்று குப்பம்மாவிடம் கேட்டேன். இப்போதுதான் பிடித்திருக்கிறது, இதைக் கிள்ளினால் இதுவும் போய்விடும் என்றாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. உங்கள் வீட்டுச் செத்தவர்கள் எல்லாரும் அங்கேதானே இருக்கிறார்கள், அந்தச் சின்னப் பெண்ணிடம்தான் எல்லாரும் கை நீட்டுவீர்களா என்று முத்துராஜிடம் கேட்டேவிட்டேன். அது எப்படி அண்ணே, எங்கள் அம்மா மேல் நான் எப்படிக் கை வைப்பேன் என்றான். வெகுளியாகத்தான் சொன்னான். அவர்களைப் பொறுத்தவரை வைஷ்ணவியின் மண் ஏற்கெனவே எடுத்தாகிவிட்ட மண். தீட்டு எல்லாம் ஒரு வீட்டோடு முடிந்துபோனது.

ஏன் கொடுக்கிறாய் என்று குப்பம்மாவையும் திட்டினேன். அவள் கையை நீட்டி வரிசையைக் காட்டினாள். நம் வாசல் மட்டும் நின்று பக்கத்து வாசல் திறந்துகொண்டால் தண்ணீர் சுற்றிக்கொண்டு வரும், அப்புறம் இது நின்று என்ன பிரயோசனம் என்றாள்.

ஐப்பசி தொடக்கத்தில் ஒருநாள் காலையில் வாடை திரும்பியது. பாலத்தில் வரும்போதே வண்டியை ஓரமாகத் தள்ளியது. ஏரி கலங்கிப் பழுப்பாக இருந்தது. குப்பத்தில் போட்டுகளை மேலே இழுத்துக்கொண்டிருந்தார்கள். வடக்கே மேகம் கட்டியிருந்தது. உலகநாதன் வாசலில் கொட்டின மணலில் பாதிதான் மிச்சம், அலை அதன் காலடியைத் தொட்டுவிட்டுப் போனது. அவர் கையில் ஒரு மீன் கூடையோடு குப்பம்மா வாசலில் நின்றிருந்தார். கூடையைப் பார்த்தே அவள் புரிந்துகொண்டாள்.

“வா மாமா” என்று முன்னால் நடந்தாள். நானும் பின்னால் போனேன். போகாமல் இருந்திருக்கலாம், கால் நிற்கவில்லை.

அவள் கல்லைத் தள்ளி வலையை விலக்கினாள். பள்ளத்தில் மண்டி போட்டு உட்கார்ந்தாள். ஓரத்தில் மிச்சம் இருந்த நாலு புல்லை எடுத்துக் கூடையில் வைத்தாள். பிறகு நடுவில் கையை விட்டு மண்ணை அள்ளினாள். மேல் மண் காய்ந்து வெளுத்திருந்தது, உள்ளே ஈரமாக, கறுப்பாக வந்தது. இரண்டு கை, மூன்று கை. உலகநாதன் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நின்றார். அடுத்த கைக்கு அவள் குனிந்தபோது கங்காதரன் கடற்கரையிலிருந்து ஓடி வந்தான். போட்டை இழுக்கிற கயிறு இன்னும் தோளில் தொங்கியது. பள்ளத்துக்குள் குதித்து அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டான்.

“போதும்மே.”

“ஒரு கூடதான். மாமா வாசல் போனா நம்புளுதும் போவும்.”

“போதும்னு சொல்றேன்ல.”

“ஏன்? நீதான எடுக்கச் சொன்ன?”

அவனுக்கு மூச்சு வாங்கியது. எங்களைப் பார்த்தான், அவளைப் பார்த்தான். கையை விடவில்லை.

“இன்னும் ஒரு கை போனா அவளே வந்துடுவா.”

குப்பம்மாவுக்கு முதலில் விளங்கவில்லை. எனக்கும் விளங்கவில்லை.

“அன்னிக்கு மழ. நான்தான தோண்டினேன். தோண்டத் தோண்ட தண்ணி ஊறுச்சி. எறைச்சி எறைச்சிப் பாத்தேன், நிக்கல. தண்ணிக்குள்ள அவள வைக்க மனசு வர்ல. அதான் மேலயே வெச்சிட்டேன். ஆழம் போவல, குப்பு. உன்னாண்ட சொல்லல.”

அவள் கையில் இருந்த மண் விரல் இடுக்கு வழியாகக் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது. அழவில்லை. பள்ளத்தைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

“இன்னும் எவ்ளோ கீது?”

அவன் தன் முழங்கையிலிருந்து அளந்து பாதிக் கையில் நிறுத்திக் காட்டினான்.

அவள் கூடையை இழுத்துப் பள்ளத்தில் கவிழ்த்தாள். ஓரத்து மண்ணை இரண்டு கையாலும் தள்ளித் தள்ளி உள்ளே போட்டாள். அவனும் தள்ளினான். பிடுங்கின நாலு புல்லையும் அங்கேயே வைத்து அமுக்கினாள். தூறல் விழ ஆரம்பித்தது. ஐஸ் கரைந்துகொண்டிருக்கும் என்று எனக்கு ஞாபகம் வந்தது, ஆனாலும் நகரவில்லை.

உலகநாதன் குனிந்து காலிக் கூடையை எடுத்துக்கொண்டார். யாரைப் பார்த்தும் சொல்லவில்லை.

“எங்க நைனாவ ஆழமாத்தான் வெச்சோம்” என்றார். பிறகு மேட்டின் மேல் பக்கமாக நடந்தார்.